அக்கா மாடியில், கம்பிகள் கணினியில்

என் தலைக்கு மேலே அக்கா நடந்துகொண்டிருந்தாள். முதலில் வாக்கர், பிறகு நல்ல கால், பிறகு இழுத்துக்கொண்டு வரும் மற்ற கால். டொக், தப், சர்ர். ஜன்னல்வரை போகும், திரும்பி அடுப்படிவரை வரும். மாடி என்று பெயர்தானே தவிர, ஓர் அறையும் அடுப்படியும்தான். அதற்குள் ஒரு மனுஷி எவ்வளவுதான் நடப்பாள்? கூண்டுக்குள் நடக்கிற நடை அது. கூண்டைப் பூட்டியவன் கீழ்வீட்டில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, கைப்பிடிக் கம்பிகளை ஒரு வளைந்த கோட்டின் மேல் வரிசையாக நிற்கவைக்கப் போராடிக்கொண்டிருந்தான்.

அந்த மகானுபாவன் நான்தான். முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் எங்காவது என்னை நல்லவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

அக்காவுக்கு மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கு குடோனில் வேலை. தரையில் உட்கார்ந்து நல்லதையும் சொத்தையையும் பிரித்துப் பிரித்தே முட்டு தேய்ந்துபோயிற்று. எர்ணாகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் புது முட்டு வைத்தார்கள். அவள் அங்கே படுத்திருந்த நாட்களில்தான் எனக்குப் பாசம் பொங்கியது. எனக்குப் பாசம் வந்தால் வீட்டில் ஏதாவது உடையும் என்பது என் மனைவியின் அனுபவம். இந்தத் தடவை உடைந்தது மாடிப்படியின் மரக் கைப்பிடி.

கரையான் அரித்த கைப்பிடிதான், பொய் சொல்லவில்லை. ஒரு பக்கம் பிடித்து இழுத்தேன், மறுபக்கம் மாவாக உதிர்ந்தது. இழுக்க இழுக்க எனக்கு வீரம் ஏறியது. நான் இடக்கொச்சியில் ஒரு பட்டறையில் வரைபடம் போடுகிறவன். படகுகளுக்கும் பங்களாக்களுக்கும் ஸ்டீல் கைப்பிடி வரைந்து வரைந்து தலைமுடியில் பாதி போய்விட்டது. சொந்த அக்காவுக்கு ஒன்று வரைய மாட்டேனா? அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது புதுக் கைப்பிடி பளபளவென்று நிற்கும் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். பழைய கைப்பிடியை சாயாக்கடை அடுப்புக்குக் கொடுத்தேன். அவர்கள் எனக்கு ஒரு சாயா இலவசமாகத் தந்தார்கள். அதையும் குடித்தேன்.

அக்கா வந்தாள். புதுக் கைப்பிடி வரவில்லை. வீட்டுக்கு வெளியே, ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் வெறும் காற்றுமாக, நடுவில் ஒரு திருப்பத்தோடு படி மொட்டையாக நின்றது. பஜாரில் சுமை தூக்கும் சேட்டன்மார் நாலு பேர் அவளை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி மேலே வைத்தார்கள்.

மேலே போய்ச் சேர்ந்ததும் அக்கா சொன்ன முதல் வார்த்தை: "இனி என்னை எவனும் அரிச்சாக்கு மாதிரித் தூக்க வேண்டா. நான் எறங்குனா என் கால்லதான் எறங்குவேன். கேட்டியாடா?"

கேட்டேன். ஆஸ்பத்திரியில் சொன்னதையும் கேட்டிருந்தேன். தினமும் சமதரையில் நடக்க வேண்டும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி ஏறி இறங்க வேண்டும், இல்லாவிட்டால் புது முட்டு மடங்காமல் இறுகிவிடும் என்று நர்ஸ் சொன்னார். 'கைப்பிடி' என்கிற இடத்தில் மட்டும் அவர் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. அவருக்கு எப்படித் தெரியும்? என் முகத்தில் மரத்தூள் ஏதாவது ஒட்டியிருந்ததோ என்னவோ.

அவசரத்துக்கு ஒரு கயிறு கட்டிப் பார்த்தேன். அக்கா மேல்படியில் நின்று அதைத் தொட்டாள். கயிறு ஆடியது.

"எந்தாடா இது, ஊஞ்சலா?"

"தற்காலிகம்க்கா."

"இதைப் பிடிச்சா நானே தற்காலிகம்தான்" என்று உள்ளே போய்விட்டாள். கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

நேராக இரண்டு பைப்பைக் கொண்டுவந்து வெல்டிங் வைத்தால் தீராதா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. எங்கள் சந்தில் வெல்டிங் மெஷினைச் செருகினால் சந்து முழுக்க இருட்டாகிவிடும். ஒருமுறை ஆகி, ஒரு வீட்டில் மிக்ஸி போய், அந்த வீட்டார் ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை. அதனால் எல்லாவற்றையும் இடக்கொச்சியிலேயே வெட்டி, வளைத்து, துளையிட்டுக் கொண்டுவந்து இங்கே போல்ட் மட்டும் முடுக்க வேண்டும். அதற்கு வரைபடம் சுத்தமாக இருக்க வேண்டும். அது ஒன்றும் கஷ்டமில்லை என்று நான் நினைத்ததுதான் கஷ்டம்.

எங்கள் மென்பொருளில் இதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. ஒரே ஒரு கம்பியை வரைந்தால் போதும். படி போகிற வழியை ஒரு கோடாகப் போட்டு, 'இந்தக் கம்பியை இந்தப் பாதையோடு நகலெடுத்து நிறுத்து' என்று சொன்னால், ரேஷன் கடை வரிசை போல அதுவே நிறுத்திவிடும். 'பேட்டர்ன்' என்போம். கொடுத்தேன். மேலிருந்து திருப்பம்வரை கம்பிகள் ஒழுங்காக வந்தன. திருப்பத்தில் ஒருவனும் இல்லை. மிச்சப் பாதி காலி.

 மென்பொருளைத் திட்டினேன், மடிக்கணினியைத் திட்டினேன், அதற்கு அப்டேட் கொடுத்தவர்களைத் திட்டினேன். கடைசியில் பெரிதாக்கிப் பார்த்தால், நேர்க்கோடும் வளைவும் சேருகிற இடத்தில் ஒரு முடி அளவு இடைவெளி. பாதை என்று நான் நினைத்தது பாதையே இல்லை, பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்த மூன்று துண்டுகள். ஒட்டினேன். கம்பிகள் திருப்பம் தாண்டிப் போயின.

போயின, ஆனால் சாய்ந்துகொண்டு போயின. வளைவில் ஒவ்வொரு கம்பியும் பாதையின் சரிவுக்கு ஏற்பத் தானும் சரிந்து, கள்ளுஷாப்பு மூடுகிற நேரத்தில் வெளியே வருகிறவர்கள் மாதிரி ஒருவர் தோளில் ஒருவர் விழுந்தார்கள். பாதையோடு திரும்பவா, முதல் கம்பி நின்றபடியே நிற்கவா என்று ஒரு கேள்வி அந்தக் கட்டளையிலேயே இருந்தது. நான் அதைப் படிக்காமல் சரி போட்டிருந்தேன். நின்றபடியே என்று மாற்றியதும் எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

இப்படி ஒவ்வொன்றையும் நான் கண்டுபிடித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்கத் தலைக்கு மேலே டொக், தப், சர்ர்.

இதற்கு நடுவில் வாளி வேறு. அக்கா மாடி ஜன்னலிலிருந்து கயிற்றில் ஒரு சின்ன வாளியை இறக்குவாள். உள்ளே ஃப்ளாஸ்கில் சாயா, ஒரு பொட்டலத்தில் பழம்பொரி என்கிற நேந்திரம்பழ பஜ்ஜி. புது முட்டோடு அடுப்பருகே நின்று, எனக்காகச் சுட்ட பழம்பொரி. "தம்பி மூளை ஓட்டி வேலை செய்யிறான்" என்று என் மனைவியிடம் ஜன்னல் வழியாகச் சொல்வாள். "ஓடுது, ஓடுது, எங்கேன்னுதான் தெரியல" என்பாள் மனைவி. நான் வாளியை எடுக்க வெளியே வரும்போது முகம் தெரியாமலிருக்கக் குனிந்து வருவேன். மேலிருந்து பார்த்தால் வழுக்கை மட்டும் தெரியும். அதைப் பார்த்தே கேட்பாள்: "ஆயாச்சாடா?"

"இன்னிக்கு ஆயிரும்க்கா."

இதைப் பழம்பொரியை மென்றுகொண்டே சொன்னேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

சாயங்காலம் குடோன் முடிந்து அவளோடு வேலை செய்கிற கூட்டுக்காரி சேச்சி சந்துக்கு வருவாள். கீழே நின்று அண்ணாந்து பேசுவாள். குடோனில் கதவோரம் காற்று வருகிற இடம் அக்காவுடையது. "வேற ஒருத்தி அவிடே வந்து உட்காரப் பார்த்தா. நான் என் சாக்கைப் போட்டு வெச்சுட்டேன். அக்கா எப்போ எறங்கும்?" என்று கேட்பாள். அக்கா ஜன்னலிலிருந்து, "என் தம்பியைக் கேளு" என்பாள். இரண்டு பேரும் என் கதவைப் பார்ப்பார்கள். நான் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். ஐம்பதை நெருங்குகிற ஆள், சொந்த வீட்டில், கடன்காரனைக் கண்டவன் மாதிரி.

இனி மூன்றாவது சிக்கல். எல்லாக் கம்பியும் நின்றுவிட்டது, கடைசி ஒன்றைத் தவிர. கீழ்ப்படிக் கம்பி வரவே மாட்டேன் என்றது. வரிசை முழுவதும் சிவப்பாகி, ஒன்று தவறினால் மொத்தமும் தவறு என்று நின்றது. ஒவ்வொரு கம்பியும் தன் படியைத் தொட்டு நிற்க வேண்டும் என்று நான் விதி போட்டிருந்தேன். கடைசிக் கம்பிக்குத் தொடப் படியே இல்லை. கணினியில் அந்தப் படி தரைக்குள் புதைந்து கிடந்தது.

காரணம் எளிது. இரண்டு அளவுகள் ஒத்துப்போகவில்லை. மாடி வாசலிலிருந்து தரைவரை மொத்த உயரத்தை, அக்காவை வாளிக் கயிற்றைத் தொங்கவிடச் சொல்லி எடுத்திருந்தேன். படிகளை மட்டும் ஒவ்வொன்றாக அளக்கவில்லை. நடுவில் ஒரே ஒரு படியை அளந்து, எத்தனை படியோ அத்தனையால் பெருக்கினேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று வளர்ந்தவன் நான்; பானை முழுவதையும் யார் நசுக்கிப் பார்ப்பார்கள்? பெருக்கி வந்த உயரம், கயிறு சொன்ன உயரத்தை விட அதிகமாக இருந்தது.

நியாயமான ஆள் என்ன செய்வான்? டேப்பை எடுத்துக்கொண்டு போய் மறுபடி அளப்பான். நான் கயிற்றைச் சந்தேகப்பட்டேன். தினமும் வாளி தூக்குகிற கயிறு, மழையில் நனைந்து சுருங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நான் முழுசாக நம்பவில்லை. நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தும் இருந்தது. ஆனால் மேலே டொக், தப், சர்ர். கயிறு சொன்ன எண்ணை அழித்து, பெருக்கல் சொன்ன எண்ணை எழுதினேன். தரை கொஞ்சம் கீழே இறங்கியது. கணினியில் தரையை இறக்குவது அவ்வளவு சுலபம். சிவப்பு போயிற்று. எல்லாக் கம்பிகளும் சாதுவாக நின்றன. பெருமூச்சு விட்டு, வரைபடத்தைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய கையோடு ஒரு துள்ளல் வந்தது. இந்தத் தடவை வாளிக்குக் காத்திருக்க வேண்டாம், நானே மேலே போய்ச் சொல்வோம் என்று படியேறினேன். அதுவரை மேலே தேவையானதையெல்லாம் மனைவிதான் ஏறிப் போய்க் கொடுத்தாள். எனக்கு வேலை இருந்தது அல்லவா. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. ஏறுகிறவன் மேலேதான் பார்ப்பான்.

"முடிஞ்சுதுக்கா. நாளைக்கு வெட்டி வளைச்சிருவாங்க."

அக்கா வாக்கரை விட்டுவிட்டு இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்து ஆட்டினாள். அப்புறம் ஜன்னலுக்குப் போய், எதிர்வீட்டைக் கூப்பிட்டு, "என் தம்பி ஆயாச்சுன்னு சொல்றான், நான் எறங்கப் போறேன்" என்றாள்.  

விடைபெற்றுத் திரும்பினேன். அப்போதுதான் மேலிருந்து அந்தப் படியைப் பார்த்தேன். தூறல் விழுந்து பாசி பளபளத்தது. பிடிக்க ஒன்றுமில்லை. சுவர்ப்பக்கம் ஒட்டிக்கொண்டு நாலு அடி வைத்தேன். திருப்பம் வந்தது. திருப்பத்தில் படி ஒரு பக்கம் குறுகும். அந்தக் குறுகிய பக்கம்தான் காற்று. என் முட்டு இரண்டும், நல்ல முட்டுகள், இறைவன் கொடுத்த சொந்த முட்டுகள், தையல் மெஷின் மாதிரி ஆடின. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. அப்படியே உட்கார்ந்தேன்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா. காத்து வாங்குறேன்."

"மழையிலயா?"

 வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு, உட்கார்ந்த வாக்கிலேயே ஒவ்வொரு படியாகப் பின்புறத்தால் இறங்க ஆரம்பித்தேன். தொப். கொஞ்சம் நகர்தல். தொப். அக்கா மேலே வாக்கரில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். எங்கள் ஆட்கள் படி ஏறும்போது எண்ணுகிற மாதிரி எனக்காக எண்ணினாள்: "லாபம்... நஷ்டம்... லாபம்... நஷ்டம்..." ஜன்னல்கள் திறந்தன. சந்தில் ஆள் சேர்ந்தது.

கொஞ்சம் இறங்கியதும் என் பின்புறத்துக்கு அந்தத் தாளம் பழகிவிட்டது. இவ்வளவு விழுந்தால் அடுத்த படி வரும் என்று அதுவே கணக்கு வைத்துக்கொண்டது. அதே கணக்கில் கடைசிப் படியிலிருந்தும் விழுந்தேன். தரை பாதி வழியிலேயே வந்து மோதியது. பல்லும் பல்லும் இடித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வலி குறையக் குறைய வேறொன்று ஏறியது. திரும்பி அந்தப் படியைப் பார்த்தேன். மற்றப் படிகளில் பாதி உயரம்கூட இல்லை.

"அக்கா, இந்தப் படி என்ன இப்படிக் குட்டையா இருக்கு?"

"அது உங்க அத்தானோட லாபப் படியில்லே! மறந்தாச்சா? நீதானே அன்னிக்குக் கெடந்து சிரிச்சே."

சுத்தமாக மறந்திருந்தேன். மாடி கட்டி முடித்து எண்ணியபோது, வீட்டுக்குள் கால் வைக்கிற மேல்படி நஷ்டத்தில் முடிந்தது. அப்போது உயிரோடிருந்த அத்தான் பதறிப்போய், கொத்தனாரை விட்டுக் கீழே தரையில் ஒரு மெல்லிய படி போடச் சொன்னார். ஒரு படி கூடியதும் எண்ணிக்கை மாறி, வாசல் லாபத்துக்கு வந்தது. லஞ்சம் கொடுத்து லாபம் வாங்கின முதல் ஆள் நீங்கதான் அத்தான் என்று நான் சொல்லி, எல்லாரும் சிரித்தார்கள். கயிறு பொய் சொல்லவில்லை. கயிற்றைப் பொய்யன் ஆக்கியவன் நான்.

மேலே அண்ணாந்து பார்த்தேன். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் நாக்கில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. அந்த நாக்கால் இன்னொரு பொய் எப்படிச் சொல்வது?

"அக்கா, முடியல. நான் அளவை மாத்தி எழுதிட்டேன்."

"எதுக்கு?"

"கம்ப்யூட்டர்ல செவப்பு காட்டிச்சு. அது போகணும்னு."

"செவப்பு போச்சா?"

"போச்சு."

  அக்கா சாதாரணமாக, உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் கேட்டாள்: "பின்னே, அந்தக் கம்பியைப் பிடிச்சு எறங்குனா நான் எங்கடா போயிருப்பேன்?"

பதில் எனக்குத் தெரியும். அந்தக் கைப்பிடி படியில் உட்காரவே உட்கார்ந்திருக்காது. உட்காராவிட்டால் நான் சும்மா இருந்திருப்பேனா? ஏதாவது கட்டையைச் செருகி, தட்டி, முடுக்கி, 'பிடிச்சுக்கோக்கா' என்றுதான் சொல்லியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

பட்டறை முதலாளிக்குப் போன் செய்தேன். அவசரத்தில் இரண்டு தடவை வேறு யாருக்கோ போயிற்று. மூன்றாவது தடவை கிடைத்ததும் நான் கத்தியது எனக்கே புரியவில்லை. தமிழன் என்பதால் அவருக்கு நான் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, பதுக்கே, மெதுவா. ஆரு மரிச்சு?"

"யாரும் மரிக்கல முதலாளி. ஒரு படி குட்டையாப் போச்சு. பைப்பை வளைக்காதீங்க!"

"வளைச்சில்லல்லோ. ஒரு படகோட ஜோலி மெஷின்ல கெடக்குது. கம்பி மட்டும் வெட்டியாச்சு." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார்: "அண்ணாச்சி கரையுதோ?"

அழவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டேன் என்று சொன்னேன். பாதி உண்மை.

மழை விட்டதும் டேப்பை எடுத்தேன். ஒவ்வொரு படியாக அளந்தேன், உட்கார்ந்தபடியேதான். இப்போது கணினியில் தரை தரையின் இடத்தில் நின்றது. பாதையைக் கடைசிப் படிக்கு முன்னாலேயே வெட்டி நிறுத்தினேன். அதுவரைக்கும்தான் பேட்டர்ன். குட்டைப் படிக்குரிய கம்பியை வரிசையில் சேர்க்காமல் தனியாக வரைந்து, கையால் கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்தேன். அந்த இடத்தில் மேல்பைப் சரிவைக் குறைத்துக்கொள்ள ஒரு சின்ன வளைவு கொடுத்தேன், உடம்பின் பாரமெல்லாம் வந்து சேர்கிற கடைசி அடியில் கை தாழ்ந்துவிடக் கூடாது என்பதற்காக. வெட்டியிருந்த கம்பிகள் அப்படியே பொருந்தின.

கைப்பிடி வந்தது. போல்ட்டை நானே முடுக்கினேன். முடுக்கியதை மறுபடி முடுக்கினேன். தொங்கிப் பார்த்தேன். மனைவியைத் தொங்கச் சொன்னேன், முறைத்தாள். சேச்சி அன்று குடோனிலிருந்து சீக்கிரம் வந்து சந்தில் நின்றாள்.

அக்கா இறங்கினாள். ஒரு கை கைப்பிடியில், மறு கை சுவரில். திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினாள். பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்தன. நான் கீழே, மரத்திலிருந்து விழப்போகும் பலாப்பழத்தைப் பிடிக்க நிற்பவன் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

"தள்ளி நில்லுடா. நீ அங்கே நின்னா நான் கால் எங்க வெக்கிறது?"

தள்ளி நின்றேன். அத்தானின் படியில் கால் வைத்தாள், பிறகு தரையில். சேச்சி கையைப் பிடித்தாள். இருவரும் சாயாக்கடைவரை நடந்து போனார்கள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. நான் உள்ளே வந்து உட்கார்ந்தேன். தலைக்கு மேலே சத்தமே இல்லை. காது அதையே தேடிக்கொண்டிருந்தது.

இப்போது அவள் வேலைக்குப் போகிறாள். கதவோரம் அதே இடம். ஆனால் மற்றவர்கள் தரையில் உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் ஸ்டூலில். "நான்தான் இப்போ அங்க முதலாளி" என்கிறாள். முட்டு முழுசாக மடங்கவில்லை. புது முட்டு வைத்தால் தரையில் உட்காராமல் இருப்பதுதான் நல்லது என்று சிலர் சொல்கிறார்கள். மாடியில் அடைந்து கிடந்ததால் இறுகியதா, இல்லை எல்லாருக்கும் இப்படித்தானா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். போன தடவை நானும்தான் கூடப் போனேன். கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களே.

வாளி மட்டும் இன்னும் இறங்குகிறது. நேற்றும் இறங்கியது, சாயா, பழம்பொரி.

"இனி எதுக்குக்கா வாளி? நீதான் எறங்கியாச்சே" என்றேன்.

"எறங்குறது நான். நீ ஏறி வருவியா?"

கைப்பிடியைப் பார்த்தேன். பளபளவென்று நின்றது. வாளியிலிருந்து ஃப்ளாஸ்கை எடுத்துக்கொண்டு, வழுக்கை மட்டும் தெரியும்படி குனிந்து உள்ளே போனேன்.